அண்ணாச்சி நிறுத்திய கிரயங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஒரு பத்திர எழுத்தரின் அறையில் 2004ல் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பையோடு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று கிரயம் முடிக்கவேண்டிய இரண்டு தரப்பும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். முத்திரைத்தாள் வாங்கியாகிவிட்டது, நான் பாதிக்கு மேல் அடித்தும் விட்டேன். அவர் எங்கள் முதலாளியிடம், "இன்னைக்கு வேண்டாம்யா, நிறுத்திக்கிடுங்க" என்றார். விற்கிறவருக்கு மும்பையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று அன்று காலை டீக்கடையில்தான் அவர் காதுக்கு வந்திருக்கிறது. அவள் கையெழுத்து இல்லாமல் நாளைக்கு வாங்குகிறவன் கோர்ட்டுக்கு அலைவான், வேண்டாம் என்றார். அந்தக் கிரயம் முடிந்தால் அவருக்கு வந்திருக்கவேண்டிய கமிஷன் என்னுடைய எட்டு மாதச் சம்பளம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து, ஏதோ எழுதி, மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் திருநெல்வேலி மாவட்டம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நிலத் தரகர். புரோக்கர் என்று சொல்லும்போது ஊரில் பலருக்கு உதடு ஒரு பக்கமாகக் கோணும், அது அவருக்கும் தெரியும். போன வருடம் ஐப்பசியில் இறந்துபோனார், 63 வயது. இருபது வருடம் பக்கத்திலிருந்து அவர் வேலை பார்த்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் முடித்துக்கொடுத்த கிரயங்களைவிட நிறுத்திய கிரயங்கள்தான் என் மனதில் நிற்கின்றன. இடம் வாங்கப் போகிற யாருக்காவது பயன்படட்டும் என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதிவிடுகிறேன். வரிசையாக வராது.

அவர் தரகுக்கு வந்த கதையிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். 1980களில் யு.டி.ஆர். சர்வே நடந்தபோது, இருபது வயதுப் பையனாக, அளக்க வந்தவர்களுக்குச் சங்கிலி பிடிக்கப் போயிருக்கிறார். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது அதன் தமிழ்ப் பெயர். இன்று நம் கையில் இருக்கும் பட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அந்தச் சர்வேதான். அந்த வேலையில் ஒரு வயதான சர்வேயர் அவருக்குப் பழைய கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பழைய சங்கிலி 66 அடி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் 4,356 சதுர அடி, அதாவது பத்து சென்ட். இதை வைத்து அண்ணாச்சி எந்த இடத்தையும் காலால் நடந்தே சென்ட் சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் நடப்பார், செருப்போடு நடந்தால் அடி தப்பும் என்பார். பிறகு சர்வேயர் வந்து அளக்கும்போது அரை சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தச் சர்வேயில் அவர் கற்றுக்கொண்ட பெரிய பாடம் வேறு. "அன்னைக்கு யார் வயக்காட்டுல நின்னானோ அவன் பேரு ஏறிருச்சும்மா" என்று அடிக்கடி சொல்வார். அண்ணன் தம்பி நாலு பேர் நிலத்துக்கு, அன்றைக்கு ஊரில் இருந்த மூத்தவர் பெயர் மட்டும் பட்டாவில் ஏறியிருக்கும். தம்பிகள் பம்பாயிலோ கொழும்பிலோ இருந்திருப்பார்கள். முப்பது வருடம் கழித்து மூத்தவரின் பேரன் பட்டாவைக் காட்டி "எங்க தாத்தா சொத்து, நான் ஒருத்தன்தான் வாரிசு" என்று விற்க வருவான். அவன் பொய்கூடச் சொல்லியிருக்கமாட்டான், அவனுக்கு அதுதான் தெரியும். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு, அது மட்டுமே உரிமை ஆகாது. பட்டாவில் பெயர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பெயர் எதை வைத்து ஏறியது, கிரயமா, பாகமா, உயிலா என்று பின்னால் போகவேண்டும். மூலப்பத்திரம் கிடைக்கும்வரை போகவேண்டும். யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டை, அதாவது எந்தச் சர்வே எண் யார் பெயரில் என்ற கிராமக் கணக்கை, தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிப் பார்க்காமல் அண்ணாச்சி எந்தப் பூர்வீகச் சொத்தையும் தொட்டதில்லை. இதற்கே ஒரு மாதம் இழுக்கும், வாங்குகிறவர்கள் பொறுமையிழந்து வேறு ஆளிடம் போய்விடுவார்கள். போகட்டும் என்றுதான் விடுவார்.

இடம் விற்க யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி விலையும் இல்லை, பரப்பும் இல்லை. "வீட்டுல பொம்பளப் பிள்ளைக எத்தனை?" அதுதான். சிலருக்குக் கோபம் வரும். சம்பந்தம் பேசவா வந்திருக்கிறேன் என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். தென்மாவட்டங்களில் நகைபோட்டுக் கட்டிக்கொடுத்ததோடு பெண்ணுக்குச் சொத்தில் கணக்கு முடிந்தது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அவருடைய சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989ல் பெண்களுக்குச் சமபங்கு கொடுத்தது, அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது விட்டுவிட்டது. 2005ல் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு என்று மத்திய அரசின் திருத்தம் வந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பதெல்லாம் பார்க்கவேண்டியதில்லை, பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பு வந்த செய்தித்தாளை அண்ணாச்சி வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சிய கூட்டிட்டு வாங்க, பேசுவோம்" என்பார்.

இதில் இன்னொன்றும் உண்டு, பலரும் தவறவிடுவது. மகன் அம்மாவுக்கு முன்னால் இறந்துபோனால், உயில் இல்லாத பட்சத்தில், அவன் சொத்தில் மனைவி பிள்ளைகளோடு அவனைப் பெற்ற அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இறந்தவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருப்பதால் கிழவியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனுப் போடும்போதே அம்மா பெயரை விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த அம்மா இறந்தால் அவர் பங்கு மற்றப் பிள்ளைகளுக்கும் போகும், அதிலிருந்து சண்டை கிளம்பும். அப்படி ஒரு வீடு பதினான்கு வருடம் பூட்டிக் கிடந்ததை அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கூரையைத் துளைத்துக்கொண்டு அரசமரம் வளர்ந்திருந்தது.

கிணற்றுக் கதையைச் சொல்லவேண்டும். 2007 என்று நினைவு. அறுபத்தைந்து எழுபது வயது ஆச்சி ஒருவர் ஒன்றரை ஏக்கர் நஞ்சையில் முக்கால் ஏக்கரை விற்கிறார், பேத்தி படிப்புக்கு. எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம் இருந்தது, பத்திரம் அடித்து முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விற்கிறவர் வாங்குகிறவர் இருவர் முன்னாலும் சத்தமாக வாசிக்கவேண்டும். நான்தான் வாசிப்பேன். பத்திரத் தமிழ் யாருக்கும் எளிதில் புரியாது, அதனால் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அவர் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்வார். அன்று வெளியே கூட்டம், மணி மூன்றரை, டோக்கன் நெருங்கிவிட்டது, முதலாளி என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றுகிறார், சீக்கிரம் முடி என்று. நான் சொத்து விவரத்துக்கு வந்து நான்கு எல்லையும் வாசித்து, "மேற்படி நிலத்திலுள்ள கிணறு, மோட்டார், மின் இணைப்பு பாத்தியம் சகிதம்" என்று முடித்தேன். அண்ணாச்சி "கிணறும் சேத்துத்தான் குடுக்கீயளா?" என்று கேட்டார். ஆச்சி திடுக்கிட்டுப்போய், "கிணத்துல பாதி எனக்குல்லா, மிச்சத்துக்கு நான் எதைக்கொண்டு தண்ணி பாய்ப்பேன்?" என்றார்.

வாங்குகிறவர் ஏமாற்ற நினைக்கவில்லை. பேசும்போது "கிணத்தோட" என்று பேசியிருக்கிறார்கள், ஒருவர் முழுசாகப் புரிந்துகொண்டார், ஒருவர் பாதியாக. நான் அடித்தது முழுசு. அப்படியே பதிவாகியிருந்தால் ஆச்சியின் மீதி முக்கால் ஏக்கருக்குத் தண்ணீர் கிடையாது. அன்று பதிவு நடக்கவில்லை. மறுநாள் இருவரையும் கிணற்றடியில் உட்காரவைத்துப் பேசி, கிணற்றில் சரிபாதி, வாரத்தில் முதல் மூன்றரை நாள் ஒருவர், மீதி மூன்றரை நாள் மற்றவர், மோட்டார் செலவு பாதிப்பாதி, வடகிழக்கு மூலையிலிருந்து கிணற்றுக்கு வர நாலடி அகல நடைபாதைப் பாத்தியம் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்தார். நான் புதிதாக அடித்தேன். கையெழுத்துப் போடும் எல்லோருக்கும் சொல்கிறேன், உங்கள் பத்திரத்தைப் பதிவுக்கு முந்தின நாளே வாங்கி வீட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். கண்ணால் ஓட்டினால் தப்பு தெரியாது, காதுக்குத் தெரியும். கிணறு, வழி, மரம், பொதுச்சுவர், வாய்க்கால், இந்த ஐந்தும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தப்பை பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்யலாம்தான், ஆனால் அதற்கும் எழுதிக்கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போடவேண்டும், அப்போது அவர் மனநிலை எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வில்லங்கச் சான்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம், அதனால் பலர் அதைப் பார்த்ததோடு சொத்து சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் தெரியும். பதிவு செய்யாத உயில் தெரியாது, வாய்மொழிப் பாகம் தெரியாது, நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் தெரியாது. அண்ணாச்சி சொல்லித்தந்த இரண்டு விஷயம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒன்று, உட்பிரிவு ஆன சர்வே எண் என்றால் தாய் எண்ணுக்கும் போட்டுப் பார்க்கவேண்டும், 112/3ஏ2 என்று மட்டும் தேடினால் அது 112/3ஆக இருந்த காலத்து அடமானம் கண்ணில் படாமல் போகலாம். இன்னொன்று, அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்று விசாரிக்கவேண்டும், இருந்திருந்தால் பழைய வருடங்களுக்கு அங்கே தேடவேண்டும். அப்புறம் அசல் பத்திரம். நகலைக் காட்டி "அசல் பீரோவில இருக்கு" என்று சொன்னால் பீரோ வரைக்கும் போகவேண்டும் என்பார். அசல் காணோம் என்றால் பெரும்பாலும் அது எங்காவது கடனுக்கு உட்கார்ந்திருக்கும்.

அவர் சறுக்கிய இடமும் உண்டு, அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. 2009ல் ஒரு மனை. உரிமையாளர் வெளியூரில், அவர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து உறவுக்காரர் ஒருவர் விற்றார். அதிகாரப் பத்திரம் பதிவானது, ரத்தாகவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. கிரயமும் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கிரயத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே உரிமையாளர் இறந்துவிட்டார். எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அந்த அதிகாரம் செத்துவிடும், அதன் பிறகு முகவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர், கடன் வாங்கிப் பணம் கட்டியவர். அண்ணாச்சி இரண்டு பக்கமும் வாங்கிய கமிஷனை மறுநாளே திருப்பிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. இறந்தவரின் மனைவி பிள்ளைகளைத் தேடி கோயம்புத்தூருக்குப் பதினோரு மாதத்தில் ஒன்பது தடவை போய்வந்தார், எல்லாம் தன் செலவில். கடைசியில் அவர்கள் வந்து அந்த ஆசிரியர் பெயருக்குப் புதிதாக எழுதிக்கொடுத்தார்கள். அந்த வருடம் அவர் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை என்று அவர் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம், பின்னால் ஒருநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அதிகாரப் பத்திரத்தை வைத்து யார் விற்க வந்தாலும், எழுதிக்கொடுத்தவரை நேரில் பார்க்காமல் அவர் அட்வான்ஸ் வாங்கவே விட்டதில்லை. நேரில் முடியாவிட்டால் வீடியோ காலில், கிரயத்தன்று காலையில். கையில் அன்றைய செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்வார். சிலர் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அட்வான்ஸ் என்றதும் இதையும் சொல்லவேண்டும், தமிழ்நாட்டில் 2012க்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவே இல்லை. இடத்துக்கு இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015லேயே வந்துவிட்டது. வங்கி மூலம் கொடுத்த பணம்தான் சண்டை வரும்போது பேசும்.

என் சொந்தக் கதையும் ஒன்று இதில் உண்டு. 2011ல் என் அப்பா, மகள் பத்திர ஆபீசில் வேலை பார்க்கிறாள், பக்கத்திலேயே அண்ணாச்சி இருக்கிறார், இருந்தும் எங்கள் யாரிடமும் சொல்லாமல், மாதத் தவணையில் மனை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பணம் கட்டி ஒரு மனை வாங்கிவிட்டார். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. எனக்கு ஆச்சரியம் செய்யவேண்டும் என்று நினைத்தாராம். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடைபோட்டதும் அப்பாவின் மனை விற்கவும் முடியாமல், கடன் வாங்கி வீடு கட்டவும் முடியாமல் நின்றுவிட்டது. அப்பா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பத்திரத்தை மட்டும் வாங்கிப் பார்த்தார். அடுத்த வருடம் மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெறலாம் என்றார்கள். அந்த மனைப்பிரிவில் வாங்கியிருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களை, அதில் பாதிப்பேர் வெளிநாட்டில், நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்து விண்ணப்பிக்க வைத்தது அவர்தான். அந்த மனைகளில் ஒன்றுகூட அவர் விற்றதில்லை.

இப்போது மனை வாங்கப் போகிறவர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் விற்கவேண்டும், அதை விற்றுக்கொடுக்கும் ஏஜென்டும் பதிவு செய்திருக்கவேண்டும். 2016 சட்டத்தில் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் எங்கே என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு பூங்கா இடத்தை மூன்று மனையாகப் பிரித்து விற்கப் பார்த்தார்கள். அண்ணாச்சி வரைபடத்தை நூறு நகல் எடுத்து, அந்த நகரில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டு வந்தார். இன்று அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

ஒரு தடவை நல்ல விலைக்கு ஒரு நிலம் வந்தது, சாலையோரம், இரண்டு ஏக்கர். பழைய பதிவேட்டைப் புரட்டியதும் அது பஞ்சமி நிலம் என்று தெரிந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு கொடுக்கத் தொடங்கிய நிலங்கள் அவை. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நடுவில் எத்தனை கைமாறியிருந்தாலும் அந்த நிபந்தனை போகாது. வந்த பார்ட்டி, "ஊர்ல பாதி இப்படித்தானே இருக்கு, உமக்கென்ன?" என்று கேட்டார். அண்ணாச்சி அவரை அனுப்பிவிட்டு நேராக அந்தத் தெருவுக்குப் போனார். யார் பெயருக்கு முதலில் ஒப்படை ஆனதோ அவருடைய பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கையில் கொடுத்து, தாசில்தாருக்கு மனு எழுத என்னிடம் கூட்டிவந்தார். ஒரு மாதம் அவருக்கு எந்த வேலையும் வரவில்லை, பலரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் நிலம் விற்கப்படவில்லை.

வாடகை வீடு பார்ப்பதையும் அவர் கடைசிவரை விடவில்லை. அதில் வருமானம் ஒன்றும் பெரிதில்லை. சாதி கேட்டு, மதம் கேட்டு, புருஷன் எங்கே என்று கேட்டு வீடு மறுக்கப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். வீட்டுக்காரரிடம் வாதாடமாட்டார். "நான் பொறுப்பு, ஆறு மாசம் பாருங்க" என்று மட்டும் சொல்வார். கைக்குழந்தையோடு தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு அப்படி அவர் பிடித்துக்கொடுத்த மாடி வீட்டில் அந்தப் பெண் பதினாறு வருடமாக இருக்கிறார், கீழ்வீட்டுக்காரரின் கண் ஆபரேஷனுக்குத் துணைக்குப் போனதும் அவர்தான்.

இடத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்பதில் அவருக்கு ஒரே பிடிவாதம், மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்கவேண்டும். வெயில் காலத்தில் எல்லா இடமும் மேடுதான் என்பார். ஊருக்குத் தெற்கே ஒரு தாழ்வான பகுதி, புல வரைபடத்தில் மெல்லிய இரட்டைக்கோடாக ஒரு ஓடை போகும், தரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கருவேலமரம்தான் நிற்கும். மனை போட்டு விற்க அவரைக் கூப்பிட்டபோது, "தண்ணி பாதையை மறக்காது" என்று சொல்லி மறுத்துவிட்டார். வேறு ஆட்கள் விற்றார்கள். அவர் பேச்சைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் சிலர், விலை இரண்டு மடங்கு ஏறியபோது அவரைத் திட்டினார்கள், அவர் முகத்துக்கு நேராகவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்கமுடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. அந்தத் தெற்குப் பகுதி நகரில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. அண்ணாச்சிக்கு அப்போதே சர்க்கரை அதிகம், காலில் ஆறாத புண். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு படகில் வந்த ஆட்களோடு போனார். எந்த வீட்டில் மாடி உண்டு, எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர், எங்கே பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. அவர் விற்காத இடத்தில் குடியிருந்தவர்களின் பெயரும் இருந்தது. அந்த அழுக்குத் தண்ணீர்தான் காலைக் கெடுத்தது என்று மதினி சொல்கிறார். அதற்கப்புறம் அவர் முன்போல் நடக்கவில்லை.

அவர் இறந்து நாற்பது நாள் கழித்து அவருடைய மகன் வாரிசுச் சான்றிதழ் மனுவை என்னிடம் கொண்டுவந்தான். திருப்பூரில் வேலை, லீவு குறைவு, அவசரத்தில் யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். மனைவி, மகன், மகள் என்று மூன்று பெயர். வாசித்துவிட்டு அவனைப் பார்த்தேன். "ஆச்சி பேரு எங்கப்பா?" என்றேன். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான், அவர் எப்போதும் உட்காரும் இடத்தில்.

புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சியின் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது, திண்ணையில் சுவரில் சாய்ந்து இருந்தார். நான்கு பெயரையும் சத்தமாக வாசித்தேன். தன் பெயர் வந்ததும் "நான் எதுக்குட்டி?" என்று கேட்டார். சொன்னேன். மை டப்பாவை எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். அறுபது வயசுக்கு மேல் மகன்தான் சிலேட்டு வாங்கிவந்து எழுதப் பழக்கினானாம், எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கக்கூடாது என்று. ஐந்து எழுத்துப் பெயர். எழுதி முடிக்க நேரம் ஆனது, நாங்கள் காத்திருந்தோம்.